தொப்பிக்கு உள்ளே

சனிக்கிழமை காலையில் அரியலூரிலிருந்து கல்லங்குறிச்சிக்குப் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால், அதையே பெருமாளின் முதல் அனுக்கிரகம் என்று எடுத்துக் கொள்ளலாம். எனக்கும் என் அத்தைக்கும் அந்த அனுக்கிரகம் கிட்டவில்லை. நின்று கொண்டேதான் போனோம். அத்தை ஒரு கையால் கம்பியையும் மற்றொரு கையால் ஒரு மூட்டையையும் பிடித்துக் கொண்டிருந்தாள். மூட்டையில் என்ன என்கிறீர்களா? இரண்டு படி கம்பு. என்றைக்கோ வேண்டிக் கொண்டது. "பட்டணத்துக் கடையில் வாங்கின கம்பைப் பெருமாள் ஒப்புக் கொள்வாரா, அத்தை?" என்று கேட்டேன். "உன்னையே ஒப்புக் கொள்கிறார், கம்பை ஒப்புக் கொள்ள மாட்டாரா?" என்றாள்.

கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அங்கே மூலஸ்தானத்தில் சங்கு சக்கரம் ஏந்திய விக்கிரகம் கிடையாது. உயரமான ஒரு கல் கம்பந்தான் பெருமாள். சுற்று வட்டாரத்துக் குடியானவர்கள் விளைந்த தானியத்தில் ஒரு பங்கையும், மாட்டையும் கன்றையும் கொண்டு வந்து காணிக்கையாக விட்டுப் போகிறார்கள். அதற்கு ஒரு கதை உண்டு. வரிசையில் நிற்கும்போது அத்தை சொன்னாள்.

முன்னொரு காலத்தில் இந்தப் பக்கத்தில் மாடு கன்றுகள் ஏராளமாக வைத்திருந்த ஒருவரின் மந்தையிலிருந்து ஒரு சினைப் பசு காணாமற் போயிற்று. மேயப் போனது திரும்பவில்லை. தேடினார், கிடைக்கவில்லை. மனசு கேட்கவில்லை, மறுபடி தேடினார். மூன்று நாளைக்குப் பிறகு பசு காட்டுக்குள்ளே ஒரு கல் கம்பத்தின் அருகே அகப்பட்டது. கம்பத்தின் மேல் பால் சொரிந்திருந்ததாம். அந்தக் கம்பந்தான் இந்தப் பெருமாள்.

அத்தைக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் பால் சொரிந்தது. எனக்குப் பிடித்த இடம் வேறு. ஒரு மந்தை மாடு வைத்திருந்த மனிதர், அதில் ஒன்று குறைந்ததை அன்று சாயங்காலமே கவனித்தார் பாருங்கள், அந்த இடம். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

* * *

திரும்புகால் பஸ்ஸுக்காக ஒரு மரத்தடியில் நின்றோம். ரஸ்தாவில் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போய்க் கொண்டிருந்தன. எல்லாவற்றிலும் சுண்ணாம்புக் கல். கல்லங்குறிச்சியைச் சுற்றிலும் பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல்தான். ஏழு கோடி வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்ததாம். அதில் வாழ்ந்த சிப்பிகள் அடுக்கடுக்காகப் படிந்து பாறையாகி விட்டன. பூகர்ப்ப சாஸ்திரிகள் அந்தப் பாறை அடுக்குக்கு இந்த ஊரின் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தக் கல்லை வெட்டிச் சிமிண்டு ஆக்குகிற ஆலைகள் அரியலூர்ப் பக்கத்தில் பல இருக்கின்றன.

சாலையோரத்தில் ஒரு பலகை. தலைக்கவசம் அணியுங்கள், காலுக்குப் பூட்ஸ் அணியுங்கள், கண்ணாடி அணியுங்கள் என்று படம் போட்டு எழுதியிருந்தது. நல்ல பலகை. அதைப் படித்துக் கொண்டிருந்தபோது, பக்கத்தில் கையில் கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண் பேச்சுக் கொடுத்தாள்.

"நீங்க எந்த ஊரு அக்கா?"

சொன்னேன். அவள் புருஷன் ஓர் ஆலையில் காண்டிராக்ட் வேலையில் இருக்கிறான். எந்த ஆலை என்று நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவன் பெயரில் அர்ச்சனை செய்து விட்டு வருகிறாள்.

"உடம்புக்கு ஏதாவதா?" என்றாள் அத்தை.

"உடம்பு நல்லாத்தான் இருக்கும்மா. ஒரு வாரம் காலையில, ஒரு வாரம் மத்தியானம், ஒரு வாரம் ராத்திரின்னு டூட்டி. மாத்து ஆளு வரலைன்னா அப்படியே டபுள். பகல்ல வந்து படுப்பாரு. தூக்கம் வராது. பிள்ளை சிரிச்சாக்கூடக் கோவம் வருது. மூணு மாசமா வாயைத் திறக்கறதில்ல. தட்டைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காரு."

"மேலே இருக்கிறவர்களிடம் சொல்லக் கூடாதா?"

"சொன்னா, உன்னால முடியலேன்னா வேற ஆளு இருக்குன்னுடுவாங்களாம். அதுக்குப் பயந்துக்கிட்டே போறாரு." பிறகு அந்தப் பலகையைப் பார்த்துச் சொன்னாள்: "தலைக்குத் தொப்பி குடுத்திருக்காங்க, காலுக்கு பூட்ஸ் குடுத்திருக்காங்க. குறை சொல்லக் கூடாது. தொப்பிக்கு உள்ள என்ன ஓடுதுன்னுதான் யாரும் கேக்கல."

எனக்கு உடனே பதில் வரவில்லை. அவள் செல்போனை வாங்கி 14416 என்ற எண்ணைப் பதித்துக் கொடுத்தேன். மனக் கஷ்டத்தில் இருப்பவர்கள் பேசுவதற்காக 2022 அக்டோபர் 10-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' எண் அது. காசு கிடையாது, இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். அரியலூரில் ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்படியும் சொன்னேன். தலையை ஆட்டினாள். பஸ் வந்து விட்டது.

பஸ்ஸில் இந்தத் தடவை உட்கார இடம் கிடைத்தது. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நான் கொடுத்தது நோய்க்கு மருந்து. நோய் உண்டாகிற இடத்தை யார் கவனிப்பது? சிமிண்டு ஆலையின் உலை நம் வீட்டு அடுப்பைப் போல நினைத்தபோது ஏற்றி நினைத்தபோது அணைக்கக் கூடியது அல்ல. உள்ளே 1,450 டிகிரி சூட்டில் கல் வெந்து கொண்டே இருக்க வேண்டும். பொங்கல், தீபாவளி எதுவும் அதற்குக் கிடையாது. உலைக்குத் தூக்கம் வேண்டாம்; வாஸ்தவம். ஆளுக்கு வேண்டுமே! ஷிப்டு வேலையை ஒழிக்க முடியாது என்றாலும், அதை மனிதத்தன்மையோடு நடத்த முடியும். காலை, மத்தியானம், ராத்திரி என்ற வரிசையில் முன்னோக்கி மாற்றினால் உடம்பு ஒருவாறு பழகிக் கொள்ளும். தலைகீழாக மாற்றினால் பழகுவது சிரமம். அடுத்த மாதத்து டூட்டிப் பட்டியலை முன்கூட்டியே கொடுத்தால் வீட்டில் ஒரு கல்யாணம் காட்சிக்காவது நாள் வைக்கலாம். மாற்று ஆள் வராத நாளுக்கு இரண்டு பேரை உபரியாக வைத்திருந்தால் பதினாறு மணி நேரம் ஒருவன் நிற்க வேண்டியதில்லை. இவற்றில் எதற்கும் டாக்டர் வேண்டாம். முதலாளி மனசு வைத்தால் போதும்.

* * *

"முதலாளி என்ன செய்வார், பாவம்? அவரா அவனைத் தூங்காதே என்றார்?" என்று சிலர் கேட்பீர்கள். அதற்கு அரியலூரே ஒரு பதில் வைத்திருக்கிறது.

1956-ஆம் வருஷம் நவம்பர் 23-ஆந் தேதி விடியற்காலை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன எக்ஸ்பிரஸ் அரியலூரைத் தாண்டியதும், மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்துக்குள் விழுந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் மாண்டு போனார்கள். அப்போது ரயில்வே மந்திரியாக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. பாலத்தை அவர் கட்டவில்லை. ரயிலை அவர் ஓட்டவில்லை. மழையை அவர் பெய்விக்கவில்லை. ஆனாலும் தார்மிகப் பொறுப்பு என்னுடையது என்று சொல்லி ராஜிநாமாக் கடிதத்தை நீட்டினார். சில மாதங்களுக்கு முன்பு மெஹபூப்நகர் அருகே நடந்த விபத்தின்போதும் நீட்டியிருந்தார். நேரு அப்போது ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக் கொண்டார்.

பொறுப்பு என்பதற்கு அர்த்தம் அதுதான். 'நான் செய்தேனா?' என்பது ஒரு கேள்வி. 'என் பார்வையில் நடந்ததா?' என்பது அதற்கு மேலான கேள்வி.

உடம்பைப் பற்றிய வரையில் இந்தப் பாடத்தை நம் தேசம் மெள்ள மெள்ளக் கற்றுக் கொண்டிருக்கிறது. 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், குடிக்கத் தண்ணீர் வை, கக்கூஸ் கட்டு, கை கழுவ இடம் கொடு, காயத்துக்கு மருந்துப் பெட்டி மாட்டு, வேலை செய்கிற பெண்களின் குழந்தைகளுக்குத் தொட்டில் அறை அமை என்று ஒவ்வொன்றாக எழுதி வைத்தது. சட்டம் இல்லாத காலத்தில் ஒவ்வொன்றும் முதலாளியின் தயவாக இருந்தது. சட்டத்துக்குப் பிறகு தொழிலாளியின் பாத்தியதை ஆயிற்று. அந்தச் சட்டத்தின் இடத்தை 2025 நவம்பர் 21 முதல் புதிய தொகுப்புச் சட்டங்கள் எடுத்துக் கொண்டு விட்டன. ஆனால் தண்ணீரும் மருந்துப் பெட்டியும் தயவாகத் திரும்பி விடவில்லை.

ஒரு வேடிக்கை பாருங்கள். நின்று கொண்டே வேலை செய்கிறவர்களுக்குச் சமயம் கிடைத்தால் உட்கார ஆசனம் கொடுக்க வேண்டும் என்று அந்த 1948-ஆம் வருஷச் சட்டமே சொல்லியிருந்தது. ஆனால் அது தொழிற்சாலைக்கு. ஜவுளிக் கடையில், நகைக் கடையில் நிற்கிற பெண்ணுக்கு நம் தமிழ்நாட்டில் அந்தப் பாத்தியதை எப்போது வந்தது தெரியுமா? 2021-ல்! கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர் எல்லாருக்கும் ஆசனம் வேண்டும் என்று அந்த வருஷம் செப்டம்பரில்தான் சட்டசபையில் மசோதா வந்தது. எழுபத்து மூன்று வருஷம் அவள் நின்றாள். கேரளத்தில் 2018-ல் வந்தது. அங்கேயும் சும்மா வரவில்லை. கோழிக்கோட்டில் 'பெண்கூட்டு' என்று சங்கம் வைத்துக் கடைப் பெண்கள் வருஷக் கணக்காகப் போராடிய பிறகு வந்தது.

சகோதரிகளே, தீபாவளிக்குத் தியாகராய நகரில் புடவை எடுக்கப் போகிறோம். இருபது புடவையைப் பிரித்துக் காட்டச் சொல்கிறோம். நாம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறோம். அந்தப் பெண் நிற்கிறாள். இது கால் வலி சமாசாரம் மட்டுந்தானா? ஆளில்லாத ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால், காமிராவில் பார்த்து விட்டு மேஸ்திரி வந்து எல்லார் எதிரிலும் அதட்டுவானோ என்று அவளுக்குக் கவலை. கக்கூஸுக்குப் போக அநுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். இதெல்லாம் மனசைத்தானே அரிக்கிறது? கால் வலி ராத்திரி தைலம் தேய்த்தால் போகும். பிறர் எதிரில் பட்ட அவமானத்துக்கு என்ன தைலம் இருக்கிறது? ஆகவே அந்த நாற்காலியை நான் மனநல சிகிச்சை என்றே சொல்வேன். இத்தனை மலிவான சிகிச்சை வேறொன்று இல்லை.

* * *

மனநலத்தைப் பற்றி இப்போது கம்பெனிகளில் அக்கறை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அக்கறை போகிற வழி சில சமயம் விசித்திரமாக இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் ஆபீஸில் (பெயர் வேண்டாம், பிழைத்துப் போகட்டும்) ஒரு நாள், 'மன அமைதி பெறுவது எப்படி?' என்று ஒரு நிபுணரை அழைத்துப் பிரசங்கம் வைத்தார்கள். மிகவும் நல்ல பிரசங்கம். மூச்சை இழுக்கச் சொன்னார், விடச் சொன்னார். ஆனால் வைத்த நாள் ஞாயிற்றுக்கிழமை! வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும் என்று உத்தரவு. என் பக்கத்தில் இருந்த சிநேகிதி, குழந்தையை யாரிடம் விட்டு வந்தோம் என்ற கவலையில் மூச்சை இழுக்கவும் மறந்தாள், விடவும் மறந்தாள். அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு மானேஜரிடமிருந்து, மறுநாள் காலையில் வேண்டிய கணக்கைக் கேட்டுச் செய்தி வந்தது.

கூரை ஒழுகுகிற வீட்டில், 'நனையாமல் இருப்பது எப்படி?' என்று பாடம் நடத்துவது போன்றது இது. பாடம் தப்பில்லை. முதலில் ஓட்டை மாற்றுங்கள் என்கிறேன்.

நான் மட்டும் சொல்லவில்லை. உலக சுகாதார ஸ்தாபனமும் இதைச் சொல்கிறது. மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகத்தில் வருஷத்துக்கு 1,200 கோடி வேலை நாட்கள் நஷ்டமாகின்றன என்றும், அதன் மதிப்பு ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி டாலர் என்றும் அது கணக்கிட்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் வேலை செய்கிற இடங்களுக்கென்றே வழிமுறைகள் வெளியிட்டது. மனசைக் கெடுப்பவை என்று அது சொல்கிறவற்றைப் பாருங்கள்: தாங்க முடியாத வேலைச் சுமை, நீண்ட நேரம், வேலை நாளைக்கு இருக்குமோ இருக்காதோ என்ற பயம், தன் வேலையில் தனக்கே ஒரு பேச்சும் இல்லாத நிலை, அதட்டல், இழிவு. அந்த மரத்தடிப் பெண் சொன்ன பட்டியலுக்கும் இதற்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? பரிகாரமும் அங்கேயே இருக்கிறது: வேலையின் அமைப்பை மாற்று, மேஸ்திரிக்கும் மானேஜருக்கும் முதலில் பயிற்சி கொடு.

ஜப்பானில் 2015 டிசம்பரிலிருந்து, ஐம்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்கிற இடங்களில் வருஷத்துக்கு ஒரு தடவை ஊழியர்களின் மனச் சுமையைப் பரிசோதிப்பது முதலாளியின் கடமை. ரத்தம், சர்க்கரை பார்ப்பது மாதிரி. ஒரு புத்திசாலித்தனமான விதியும் வைத்திருக்கிறார்கள்: முடிவு ஊழியரிடந்தான் போகும், அவர் சம்மதம் இல்லாமல் முதலாளி பார்க்க முடியாது. இல்லாவிட்டால் யார் உண்மை எழுதுவார்கள்?

இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கையும் கேளுங்கள். நார்தம்பர்லாந்து என்ற கௌண்டியில், கொடுமைக்கு ஆளான குழந்தைகளைக் காப்பாற்றும் இலாகாவில் ஓர் அதிகாரி. கேஸ்கள் பெருகின, ஆட்கள் பெருகவில்லை. கூடுதலாக ஆள் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தார். 1986-ல் மனம் உடைந்து படுத்தார். சில மாத ஓய்வுக்குப் பிறகு 1987-ல் திரும்பி வந்தபோது, ஓர் உதவியாளர் தருவதாக மேலதிகாரி ஒப்புக் கொண்டார். ஒரு மாதத்திற்குள் அந்த உதவி போய் விட்டது. பழைய சுமை, அதன் மேல் விடுப்பில் சேர்ந்து போன சுமை. அந்த வருஷமே இரண்டாம் தடவை உடைந்தார். பிறகு உத்தியோகமே போயிற்று.

1994-ல் நீதிபதி சொன்ன தீர்ப்பு முத்து முத்தானது. முதல் தடவை அவர் உடைந்து போவார் என்று கவுன்சிலுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆகவே அதற்குக் கவுன்சில் குற்றவாளி அல்ல. ஆனால் இரண்டாம் தடவை? ஒரு முறை உடைந்தவர், அதே சுமையை வைத்தால் மறுபடி உடைவார் என்று தெரிந்திருந்தது. தெரிந்தும் வைத்தார்கள். ஆகவே பொறுப்பு கவுன்சிலுடையது.

முதலாளியின் பொறுப்புக்கு இதை விட நியாயமான எல்லை போட முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஊழியனின் மாமியார் சண்டைக்கும், மைத்துனன் கடனுக்கும் முதலாளி ஜவாப்தாரி அல்ல. அவர் கொடுக்கிற வேலை எதைக் கெடுக்கிறதோ அதற்கு ஜவாப்தாரி. தெரிந்த பிறகும் சும்மா இருந்தால் நிச்சயமாக ஜவாப்தாரி.

அப்படியானால் தெரியாமலே இருந்து விடுவது சௌகரியம் என்று ஒரு முதலாளி நினைக்கலாம் அல்லவா? நினைக்கிறார்கள். 'முடியாவிட்டால் வேறு ஆள் இருக்கிறது' என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லி வைத்தால் போதும். அப்புறம் ஒருவரும் எதையும் வந்து சொல்ல மாட்டார்கள். கேட்கவே வழியில்லாமல் செய்து விட்டு, 'எனக்குத் தெரியாதே!' என்பது எந்த ஊர் நியாயம்?

அத்தை சொன்ன கதையில் பசு வந்து, 'நான் காணாமல் போகப் போகிறேன்' என்று மனுக் கொடுக்கவில்லை. அந்த மனிதரே எண்ணிப் பார்த்தார், குறைந்ததைக் கண்டார், தேடிப் போனார். மாட்டுக்குச் செய்ததை மனிதனுக்குச் செய்யச் சொல்வது பெரிய கோரிக்கையா?

இதற்குப் பெரிய கம்பெனிதான் வேண்டும் என்பதில்லை. நாலு பேர் வேலை செய்கிற கடை முதலாளியும் செய்யலாம். யாருக்கு எந்த நாள் விடுமுறை என்று முன்பே எழுதி மாட்டலாம். தப்பைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம். வழக்கமாகப் பேசுகிறவர் ஒரு வாரமாகப் பேசவில்லை என்றால், 'என்னப்பா?' என்று ஒரு வார்த்தை கேட்கலாம். படுத்து எழுந்து வந்தவருக்கு முதல் மாதம் பாதிச் சுமை வைக்கலாம்.

நம் தேசத்துச் சட்டங்களிலும் உபயோகமான சில விஷயங்கள் உண்டு; வீட்டில் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். 2018-ல் அமலுக்கு வந்த மனநலச் சட்டப்படி, உடல் வியாதிக்கு உள்ளது போலவே மன வியாதிக்கும் இன்ஷூரன்ஸ் கொடுக்க வேண்டும். ஆகவே பாலிசி எடுக்கும்போது கேளுங்கள். ஈ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு, நீண்ட நாள் விடுப்புக்குப் பணம் கிடைக்கும் வியாதிகளின் பட்டியலில் தீவிர மனநோயும் சேர்ந்திருக்கிறது. விதிகளுக்கு உட்பட்டு, சம்பளத்தில் 80 சதவீதம் கிடைக்கும். சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும்போது ஒருவர் மனநோயால் ஊனமுற்றார் என்றால், அதற்காக அவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் சொல்கிறது. 2021 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டும், மனநோயின் விளைவாக நடந்து கொண்டதற்காக ஓர் ஊழியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது பாரபட்சம் என்று தீர்ப்பளித்தது. 'ஆபீஸில் தெரிந்தால் வேலை போய் விடும்' என்று பயந்து வைத்தியத்தைத் தள்ளிப் போடுகிற குடும்பங்கள் அநேகம். அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

* * *

இந்த இடத்தோடு கட்டுரையை முடித்திருப்பேன். முடிக்க விடாமல் ஒரு விஷயம் உறுத்துகிறது. அதையும் சொல்லி விடுகிறேன்.

அந்த மரத்தடியில், 'வேற ஆளு இருக்குன்னுடுவாங்க' என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால், அதே வாக்கியத்தை அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால் நான் சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுச் சமையலறையில், பாத்திரம் தேய்க்கிற அம்மாளிடம்.

தொடர்ந்தாற்போல் நான்கு நாள் நேரம் கழித்து வந்தார். எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிற எரிச்சல். "இப்படி இருந்தால் நான் வேறு ஆள் பார்த்துக் கொள்ள வேண்டியதுதான்" என்று சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்து கொண்டு வாணலியைத் தேய்த்தார். ஐந்தாம் நாள் சரியான நேரத்துக்கு வந்தார். என் கண்டிப்பு பலித்தது என்று மனசுக்குள் ஒரு திருப்திகூட.

பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டு மாமி சொல்லித் தெரிந்தது. அந்த அம்மாளின் பெண் பரீட்சையில் தேறாமல், ஒரு வாரம் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக் கொண்டு படுத்திருந்தாளாம். தனியே விட்டு வர அம்மாவுக்குப் பயம். அக்கம் பக்கத்தில் யாராவது துணைக்கு வந்த பிறகுதான் வேலைக்குக் கிளம்புவாராம். ஐந்தாம் நாள்? யாரும் வரவில்லை. எனக்குப் பயந்து, பெண்ணை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிக் கொண்டு வந்தாராம்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலியேம்மா" என்றார்.

அதில் கோபம் இல்லை. அதனால்தான் அது இன்னும் மறக்கவில்லை. நல்ல வேளை, பெண் தேறி விட்டாள். மறு பரீட்சை எழுதப் போகிறாள். தேறியிராவிட்டால்? 'நான் என்ன செய்தேன்?' என்று நானும் கேட்டிருப்பேன் அல்லவா?

முதலாளி என்றால் சிமிண்டு ஆலைக்காரரும் ஜவுளிக் கடைக்காரரும் மட்டும் என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம். மாதம் பிறந்தால் ஒருவருக்குச் சம்பளம் எண்ணிக் கொடுக்கிறோமே, நாமும் முதலாளிகள்தான். தமிழ்நாட்டில் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கு 2007-ல் நலவாரியம் ஏற்பட்டது. 2018-ல் குறைந்தபட்சக் கூலி நிர்ணயம் ஆயிற்று. அவர்களுக்குத் தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு மத்திய சர்க்காருக்குச் சொன்னது. சட்டம் வரட்டும். ஆனால் நம் வீட்டுச் சமையலறைக்குள் எந்த இன்ஸ்பெக்டரும் வரப் போவதில்லை. அங்கே நாமேதான் சட்டம், நாமேதான் இன்ஸ்பெக்டர்.

கொலுசு காணோம் என்றால் முதலில் யார் முகத்தைப் பார்க்கிறோம்? ஒரு நாள் வராவிட்டால், 'ஏன் வரவில்லை?' என்று கேட்கிறோமா, 'என்ன ஆயிற்று?' என்று கேட்கிறோமா? இரண்டும் ஒரே கேள்வி மாதிரி இருக்கின்றன. கேட்கப்படுகிறவருக்கு வித்தியாசம் தெரியும். அவர் நம் வீட்டில் எங்கே உட்காருகிறார்? உட்காருகிறாரா?

கல்லங்குறிச்சியிலிருந்து வந்த மறுநாள் சமையலறை வாசலில் ஒரு நாற்காலி போட்டேன். காப்பியை நின்று கொண்டே குடிக்க வேண்டாம், உட்கார்ந்து குடியுங்கள் என்று சொன்னேன். "இருக்கட்டும்மா" என்று சொல்லி விட்டு அந்த அம்மாள் சுவரில் சாய்ந்து நின்றே குடித்தார். இன்றைக்கு எட்டு நாள் ஆகிறது. இன்னும் உட்காரவில்லை. நாற்காலி அங்கேயே கிடக்கிறது. தினம் ஒரு தடவை சொல்கிறேன். பெண் எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கிறேன். பெண்ணைப் பற்றி நேற்று இரண்டு வார்த்தை கூடுதலாகச் சொன்னார்.